சாவி போட்ட கை

ஜூலை 8, திங்கள்

மதிய இடைவேளை. பட்டறையில் யாரும் இல்லை. இரும்பைச் சுழற்றிச் சீவுகிற பன்னிரண்டு லேத்தும் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன. ஒரு நாளில் இந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது.

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் இயந்திரப் பிரிவில் பெண் பிள்ளைகளைச் சேர்த்தது இந்த ஆண்டுதான் முதல் தடவை. பதினொரு பேர். அவர்களுக்கு லேத் சொல்லிக்கொடுக்க இருக்கும் ஒரே பெண் நான். பதினொரு பேருக்கு நூற்றுப் பத்து விரல். காலை மணி அடித்ததும் எண்ண ஆரம்பித்து மாலை மணியில் எண்ணி முடிக்கிறேன். "இன்னைக்கும் நூத்திப் பத்து இருந்துச்சா?" என்று வீட்டில் இவர் கேலி செய்கிறார். இருந்தது. இன்றைக்கு வரைக்கும் இருந்தது.

பையன்கள் எனக்கு 'கோழி மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறக்கையை விரித்துக்கொண்டு பிள்ளைகள் பின்னாலேயே திரிகிறேனாம். வைக்கட்டும். பட்டறைத் தலைவருக்கே 'மைக்ரோமீட்டர்' என்று வைத்தவர்கள்தானே. மயிரிழையில் பாதிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது, அதனால் அது பொருத்தம். கோழியும் பொருத்தம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோமீட்டர் இன்று சொன்னது: "மாசக் கடைசில கமிட்டி மேடம். பொண்ணுங்க பிரிவு தொடரணுமா வேண்டாமான்னு பேசப்போறாங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் விழக்கூடாது." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு டீ இறங்கவில்லை.

ஜூலை 10, புதன்

பிள்ளைகளுக்குப் பட்டறை கோட் வந்துவிட்டது. தைத்தவரே கொண்டுவந்து கொடுத்தார். 'ரேடியோ'வின் அப்பா, தையல்காரர். ரேடியோ என்றால் என் வகுப்பில் வாய் ஓயாத ஒருத்தி. லேத் ஓடும்போதும் அவள் பேசுவது கேட்கும்.

"மணிக்கட்டுல தொளதொளன்னு இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, அரை இஞ்ச் பிடிச்சிருக்கேன். பாக்கெட் வேணாம்னீங்க, வைக்கல. எம் பொண்ணு மட்டும் உள்பக்கம் ஒண்ணு வேணும்னா. வச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்று ஓடுகிற லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. "கைய உள்ள இழுத்துருமா மேடம்?"

"என் கண்ணு முன்னாடி ஒண்ணும் ஆகாதுங்க."

எதற்கு அப்படிச் சொன்னேன்? அவருக்குத் தைரியம் சொன்னேனா, எனக்கா? மேலும், அது உண்மையில்லை. பதினொரு லேத்துக்கு ஒரு ஜோடிக் கண். என் கண் முன்னாடி இருப்பது எப்போதும் ஒரு லேத்துதான்.

ஆனால் விதியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் நாளே சொன்னது. இரும்புத் துண்டைக் கவ்விப் பிடிக்கிற 'சக்' என்ற பாகத்தை இறுக்க ஒரு சாவி இருக்கிறதே, அதைப் போட்ட கையே அதை எடுக்கணும். எடுத்த பிறகுதான் பேச்சு, தும்மல், எல்லாம். அதை மறந்து சக்கிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டால் சாவி பறக்கும். எங்கே பறக்கும் என்று அதுக்கே தெரியாது. தினமும் ஒரு தடவை எல்லாரையும் சொல்ல வைக்கிறேன். "சாவி போட்ட கையே சாவி எடுக்கணும்." ரேடியோ அதற்கு மெட்டுப் போட்டுவிட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

நாலு தாடை சக் ஆரம்பித்தாயிற்று. இந்தப் பாடத்திலேயே பொறுமையைச் சோதிக்கிற இடம் இதுதான். ஒரு தாடையைத் தளர்த்து, எதிர்த் தாடையை இறுக்கு, டயல் முள் ஆடுகிறதா பார், மறுபடியும் தளர்த்து. துண்டு மையத்துக்கு வருவதற்குள் அழுகை வந்துவிடும். பையன்கள் பிரிவில் இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். துண்டு கீழே விழும், காலில் விழும், திட்டிக்கொண்டே எடுத்து மறுபடி போடுவான்கள். அங்கே யாரும் போய் உதவுவதில்லை.

என் பிள்ளைகள் தடுமாறினால் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. துண்டு காலில் விழுந்தால்? விரல் தாடையில் மாட்டினால்? "தள்ளு, நான் பாக்கறேன்." சாவியை வாங்கி ஐந்து நிமிடத்தில் மையம் பிடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

மைக்ரோமீட்டர் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். "நீங்க நல்லா பாஸ் பண்ணிருவீங்க மேடம். பிள்ளைங்க?" என்றார்.

சுருக்கென்றது. அவருக்கென்ன, அவர் பையன்களில் ஒருவனுக்கு அடிபட்டால் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே அடிபட்டால் பிரிவுக்கே பூட்டு. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன், இங்கேதான் எனக்கு வாய் நீளம்.

ஜூலை 18, வியாழன்

விபத்து. ரேடியோவுக்கு.

இடது புருவத்துக்கு மேலே. நாலு தையல். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், கண் தப்பித்தது. கண்ணாடியின் ஓரம் விண்டுபோய்விட்டது.

சக்கிலேயே சாவி இருந்திருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் பறந்து வந்து அடித்திருக்கிறது. குறைந்த வேகத்தில் வைத்திருந்தாள், இல்லையென்றால் — எழுத வரவில்லை.

எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

விபத்து அறிக்கை. மைக்ரோமீட்டர் அறையில், அவர் மேசைக்கு இந்தப் பக்கம் நான். ஃபாரத்தில் ஒரு வரி: 'சாவியைக் கடைசியாகக் கையாண்டவர்.'

"யாரு மேடம்?"

"அவ லேத்துதானே சார்."

"நான் கேட்டது அது இல்லையே."

அப்போது முதல்வர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. அவர் எழுந்து போய்விட்டார். நான் ஃபாரத்தை நிரப்பினேன். 'மாணவி' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'மாணவியின் கவனக்குறைவு'. கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். கையெழுத்து வழக்கமாக வருவதைவிட அழகாக வந்திருந்தது.

ஜூலை 20, சனி

காலை. இன்னும் யாரும் எழவில்லை. இங்கேயாவது எழுதியாக வேண்டும்.

சாவியை விட்டது நான்.

வியாழக்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பட்டறையைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் வரும்போது எல்லா லேத்தும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் நன்றாகச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு. ரேடியோ மட்டும் இன்னும் மையம் பிடித்துக்கொண்டிருந்தாள். முள் ஆடிக்கொண்டே இருந்தது. "மேடம், கிட்ட வந்துட்டேன், இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றாள். நான் கேட்டேனா? தள்ளுடீன்னு சொல்லி கையிலேர்ந்து சாவியைப் பிடுங்கினேன். ஆமா, பிடுங்கினேன். வாங்கினேன்னு எழுத வந்துச்சு, அது பொய். ரெண்டு தாடைய இறுக்கினேன், முள் நின்னுச்சு. அப்போ வாசல்லேர்ந்து "மேடம், இங்க வாங்க"ன்னு மைக்ரோமீட்டர் குரல். திரும்பினேன். சிரிச்சேன். வந்தவங்களுக்கு வணக்கம் சொன்னேன். என் கை காலியா இருந்துச்சு. அது காலியா இருக்கறது எனக்கு உறைக்கவே இல்ல.

பின்னால பொத்தான் சத்தம். அப்புறம் அந்த இன்னொரு சத்தம்.

அவளும் பார்த்திருக்க வேண்டும்தான். பொத்தானை அழுத்துகிறவள் சக்கைப் பார்க்காமல் அழுத்தக் கூடாது. ஆனால் இதுவரை எட்டுத் தடவை நான் மையம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், எட்டுத் தடவையும் சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, 'ம், போடு' என்றேன். மேடம் செய்தால் சரியாக இருக்கும் என்று அவளைப் பழக்கியதே நான்தான். ஒரு பையனாக இருந்திருந்தால் அந்தச் சாவியை நான் தொட்டிருக்கவே மாட்டேன். அவனே போட்டிருப்பான், அவனே எடுத்திருப்பான்.



ஜூலை 21, ஞாயிறு

நாள் முழுக்க துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

பதினொன்று ஒன்பது ஆயிற்று. ரேடியோ வீட்டில் படுத்திருக்கிறாள். அது போக, ஒருத்தியின் அண்ணன் வந்து பெயரை வெட்டிக்கொண்டு போனான். "நீங்க நல்லாத்தான் சொல்லித்தர்றீங்க மேடம். ஆனா நாளைக்கு இவளுக்கு மூஞ்சில கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?" அவள் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் திருகு மரை வெட்டுவதில் வகுப்பிலேயே முதலாக வந்தவள்.

மீதி ஒன்பது பேரும் லேத்தைத் தொடப் பயப்படுகிறார்கள். என்னைப் பார்க்கிறார்கள். நான் யாரைப் பார்ப்பது?

வரும் திங்கள் கமிட்டி. அதில் ரேடியோ விஷயமும் சேர்ந்துவிட்டது. அவளை இயந்திரப் பிரிவிலிருந்து எடுத்து அலுவலக நிர்வாகத்தில் போடுவதாகப் பேச்சு. அப்படிச் செய்தால் மற்றவர்களுக்குப் 'பாடமாக' இருக்குமாம். எழுத்தர் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க அறிக்கை தெளிவா இருந்துச்சு மேடம்" என்றார். பாராட்டுகிறாராம்.

ஜூலை 24, புதன்

ரேடியோவைப் பார்க்கப் போனேன். வீடு தையல் கடைக்குப் பின்னால். இரண்டு தெருவை வேண்டுமென்றே சுற்றித்தான் போய்ச் சேர்ந்தேன்.

தையல்காரர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, நாற்காலியில் கிடந்த துணியைத் தள்ளி உட்காரச் சொன்னார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம். "நாலு தையல் மேடம். நான் ஒரு நாளைக்கு நாலாயிரம் போடறேன். அந்த நாலைப் பாக்க முடியல" என்றார். பிறகு, "நீங்க இருக்கீங்கன்னுதான் விட்டேன். இல்லன்னா என்ன ஆயிருக்குமோ" என்றார்.

நான் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ரேடியோ கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் கட்டு, கண்ணைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாக. பேசவில்லை. அவள் பேசாமல் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நானே ஏதேதோ பேசினேன், வலி இருக்கா, மாத்திரை போட்டியா, என்று. கடைசியில் ஒன்று சொன்னாள்.

"சக்கைப் பாக்காம பொத்தானை அழுத்திட்டேன் மேடம். பாத்திருக்கணும்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா? அடி பட்டதில் மறந்திருக்குமா? மறந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு பிள்ளைக்குத் தலையில் பட்ட அடி இன்னும் கொஞ்சம் பலமாக இருந்திருக்கக் கூடாதா என்கிற அளவுக்குப் போய்விட்டேன். எவ்வளவு கேவலம்.

ஜூலை 26, வெள்ளி

இவரிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னேன்.

இவர் சொன்னார்: "விடும்மா. யோசிச்சுப் பாரு. நீ சொன்னா உன் வேலையும் போகும், அந்தப் பிரிவையும் மூடுவாங்க. பொம்பள வாத்தியாரே இப்படின்னா பிள்ளைங்க எப்படின்னு கேப்பாங்க. சொல்லாட்டி அந்தப் பொண்ணு மட்டும்தான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னார். இதே கணக்கை நான் விபத்து நாளிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன், இதே விடைதான் எனக்கும் வந்தது. ஒன்பது பேரைக் காப்பாற்ற ஒருத்தியை விடலாம் என்று. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது.

ஆனால் அந்த 'மட்டும்தான்' வேறு வாயிலிருந்து கேட்டபோது காது கூசியது. பொத்தானைத் தலைகீழாகத் தைத்திருந்தேன். பிரித்துவிட்டேன்.

நிஜத்தைச் சொல்லட்டுமா? ஒன்பது பேருக்காகப் பயப்படுகிறேன் என்பது பாதிதான். மீதி — எனக்காக. இந்த வேலை எனக்கு வேண்டும். பட்டறைக்குள் நுழைந்ததும் வருகிற எண்ணெய் வாசனை எனக்கு வேண்டும். நான் படித்த காலத்தில் என் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். கடைசி பெஞ்சு, கடைசி லேத், கடைசியாகத்தான் டூல் தருவார்கள். அங்கிருந்து இங்கே வருவதற்குள் எனக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

ஜூலை 29, திங்கள், காலை

சொல்ல வேண்டியதை ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தடவை படித்துப் பார்த்தாயிற்று.

ஜூலை 29, திங்கள், மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல்வர் அறை. முதல்வர், மைக்ரோமீட்டர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர். அவர் முன்னால் ஃபைல் அடுக்கு இருந்ததால் அவருக்கு மனசுக்குள் ஃபைல்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டேன், பயத்தில் எனக்கு இப்படியெல்லாம் தோன்றும். வெளியே பெஞ்சில் ரேடியோவும் அவள் அப்பாவும்.

ஃபைல்காரர் என் அறிக்கையை வாசித்தார். 'மாணவியின் கவனக்குறைவு.' நிறுத்தி நிதானமாக வாசித்தார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணுக்கு நல்லதுதானே செய்யறோம். ஆபீஸ் வேலைன்னா நிழல்ல உக்காந்து பாக்கலாம்."

எழுதி வைத்திருந்த காகிதம் என் கையில் வியர்வையில் ஊறிப்போயிருந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், அந்த ஃபாரம் பொய். சாவியை விட்டது நான். அவ கையிலேர்ந்து பிடுங்கி நான்தான் போட்டேன், நான் எடுக்கல. பொய்யை எழுதினதும் நான்தான்."

அவ்வளவுதான் வந்தது. யாரும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

நான் பயந்ததுதான் நடந்தது. ஃபைல்காரர் முதுகை நிமிர்த்தி, "அப்போ இன்னும் மோசம். பிள்ளைங்களும் சரியில்ல, சொல்லித்தர்ற மேடமும் சரியில்ல. இதுக்குத்தான் முதல்லயே சொன்னோம், இந்த வேலைக்குப் பொம்பளைங்க வேணாம்னு. மூடிரலாம்" என்றார். ஒன்பது பேரையும் நானே கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

மைக்ரோமீட்டர் தடிமனான ஒரு ரிஜிஸ்டரை மேசைமேல் வைத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"பதினொரு வருஷ விபத்து ரிஜிஸ்டர் சார். மொத்தம் முப்பத்தெட்டு. ஒருத்தனுக்கு விரல் நுனி போச்சு, ஒருத்தனுக்கு முன்பல்லு. இதே சக் சாவியால மட்டும் ஆறு. ஆறும் பையனுங்க. அதுல ஒண்ணு வாத்தியார் விட்ட சாவி. எந்த வருஷம் எந்தப் பிரிவை மூடினோம்னு சொல்லுங்க, பக்கத்துலயே குறிச்சுக்கறேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஃபைல்காரர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தண்ணீர் குடித்தார். அந்த வாத்தியார் யார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது.

பிறகு மைக்ரோமீட்டர் என் பக்கம் திரும்பினார். ஒரு துளி இரக்கம் இல்லை. "சாவியை விட்டது ஒரு விபத்து மேடம். அதைப் பிள்ளை தலையில எழுதினது விபத்து இல்ல. அதுக்கு ரிஜிஸ்டர்ல இடமே கிடையாது."

ஆமாம் சார் என்றேன். அழவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.

முடிவு: பெண்கள் பிரிவு இந்த ஆண்டு தொடரும், மைக்ரோமீட்டரே எடுப்பார். அடுத்த ஆண்டு பற்றி அப்புறம். ரேடியோ அதே பிரிவில். எனக்கு வகுப்பு கிடையாது. ஓராண்டு டூல் அறையில் உட்கார வேண்டும். என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி அதன் பிறகு.

வெளியே வந்து தையல்காரரிடம் நானே சொன்னேன். அவர் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், சுற்றினார். "சரி மேடம்" என்றார். "வா போலாம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 31, புதன்

ரேடியோ வந்தாள். தையல் பிரித்தாயிற்று. டூல் அறையில் பழைய சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் மேடம். அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்களும் போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

அவளும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறாள். என்ன வித்தியாசம், அவள் தன்னை வெட்டி மற்றவர்களை வைத்துக் கணக்குப் போட்டாள். நான் அவளை வெட்டினேன்.

மன்னிச்சுடு என்றேன். அவள் புருவத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். "இது ஆறிருச்சு. அந்தப் பேப்பர்ல கவனக்குறைவுன்னு எழுதினீங்கல்ல, அதான் இன்னும்..." என்று நிறுத்தினாள்.

போகும்போது திரும்பி, "இனிமே என் கையிலேர்ந்து எதையும் வாங்காதீங்க மேடம். நான் எவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டாலும்" என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

டூல் அறை. கம்பி வலையில் ஒரு ஜன்னல், பலகையில் ஆணி வரிசை. பிள்ளைகள் டோக்கனைக் கொடுப்பார்கள், நான் சாவியைக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் சாவி வரும், டோக்கன் போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பட்டறை முழுக்கத் தெரிகிறது. அதுதான் தண்டனை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு லேத்தும் ஓட ஆரம்பிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் பறக்கவில்லை என்றால் விடுகிறேன். இன்று ஐம்பது அறுபது தடவை இருக்கும். வீட்டுக்கு வந்தால் நெஞ்சுக்கூடு வலிக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மைக்ரோமீட்டர் நாலு தாடை சக் எடுக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒருத்தி துண்டைக் கீழே போட்டாள். அவர் நகரவில்லை. மறுபடியும் போட்டாள். பாவி மனுஷன், குனிந்தாவது எடுத்துக் கொடுக்கக் கூடாதா! அவளே எடுத்தாள். ஒன்றேகால் மணி நேரம். முள் நின்றதும் அவள் அடித்த கூச்சலில் பையன்கள் பிரிவே திரும்பிப் பார்த்தது.

நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ரேடியோ டோக்கன் இல்லாமல் வந்தாள். கோட்டின் உள்பாக்கெட்டிலிருந்து ஒரு சக் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். அந்தப் பாக்கெட்டுக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. சாவியின் கழுத்தில் ஒரு ஸ்பிரிங் மாட்டியிருந்தது.

"அழுத்திப் பிடிச்சாதான் சக்குல நிக்கும் மேடம். கைய எடுத்தா தானா வெளிய தள்ளி விழுந்துரும். யாரு மறந்தாலும் பரவால்ல." பிறகு, பழைய வேகத்தில், "நான் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்காதீங்க, வெளியில பெரிய ஒர்க்‌ஷாப்ல எல்லாம் இது இருக்காம், நம்மகிட்டதான் இல்ல, எட்டு ஸ்பிரிங் வீணாப்போச்சு, ஒண்ணு அப்பா தையல் மிஷின்லேர்ந்து எடுத்தது, அவருக்கு இன்னும் தெரியாது..."

ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது. நான் சாவியைத் தொடவில்லை. "நீயே மாட்டு" என்று காலியாக இருந்த ஆணியைக் காட்டினேன்.

அவர்கள் பதினொரு பேரும் சேர்ந்து பன்னிரண்டு சாவிக்கும் ஸ்பிரிங் போடப்போகிறார்களாம். பதினொன்று என்று எழுதிவிட்டேன், காரணம் சொல்லவில்லையே. அண்ணன் கூட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்துவிட்டாள். அண்ணனுக்குத் தெரிந்தா, தெரியாமலா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

புதிதாக முதலாண்டுக்குப் பதினாறு பெண் பிள்ளைகள். மைக்ரோமீட்டர் காலையில் ஒரு தாளை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டு, "திங்கட்கிழமை ரெண்டாவது பீரியட் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படித்தேன். என் பெயர் வகுப்பு அட்டவணையில் இருக்கிறது. முதலில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பயம்தான். பதினாறு பேருக்கு நூற்று அறுபது விரல்.

மதியத்துக்குப் பிறகு புதியவள் ஒருத்தி மூன்றாம் லேத்தில் நாலு தாடை சக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரேடியோ, இப்போது இரண்டாம் ஆண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் கட்டாமல். "தளர்த்து. அதை இல்ல, எதிர்ல. அவசரப்படாத, பஸ் ஒண்ணும் போயிடாது. விழுந்துச்சா? எடு." புதியவள் என் பக்கம் பார்த்தாள், உதவி கேட்கிற பார்வை. நான் குனிந்து, தேய்ந்துபோன டூல்களின் பட்டியலை எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் இருந்தது. அரை மி.மீ. முனை உடைந்தது மூன்று, கைப்பிடி இல்லாதது ஐந்து, அப்படி.

எதிரே டக்கென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ஜன்னலில் அந்தப் புதியவள், கையெல்லாம் எண்ணெய், மேசைமேல் சாவி.

"முடிஞ்சுது மேடம். டோக்கன்?"

கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் மூன்றாம் லேத்தில் வெட்டி முடித்த துண்டு பளபளவென்று இருந்தது. அதற்குள் அந்த லேத் ஓடி நின்றிருக்கிறது. எப்போது ஓட ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன்.